விரிசல் மேல் வெள்ளி பூசாதீர்கள்

அலாய் வீலுக்கு பெண்ட் எடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிக் கொடுக்கும் பட்டறைக்காரர்களுக்கும், அங்கே கை கறுக்க வேலை பார்க்கும் தம்பிகளுக்கும்,



கோவையில் ஓர் அலுமினிய வார்ப்பாலையில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பெரும்பகுதி ஃபர்னஸ் பக்கம், ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில். கார் வீல் நாங்கள் வார்க்கவில்லை. பம்பு உறுப்புகளும் மோட்டார் பாகங்களும் வார்த்தோம். ஆனால் உலோகம் அதே உலோகம்தான். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது, என் சொந்தக் காரில் நடந்த ஒன்றுக்குப் பிறகு.

கார் பழையது. நாலு அலாயும் பிளாட்பாரக் கல்லில் உரசி உரசி, விளிம்பெல்லாம் எலி கடித்த மாதிரி ஆகியிருந்தது. அதில் ஒன்று, பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடாமல் விட்ட குழியில் இறங்கி நன்றாகவே நெளிந்திருந்தது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். “நெளிஞ்சது தேறாதுங்க. அதே டிசைன்ல ஒண்ணு இருக்குது, பெயிண்ட் பண்ணிப் போட்டுத் தந்தர்றோம்” என்றார்கள். மூன்றாம் நாள் நாலு வீலும் கடையிலிருந்து வந்த மாதிரி மின்னின. எது என் பழைய வீல், எது மாற்றிப் போட்டது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. தைப்பூசக் கூட்டம் ஓய்ந்ததும் மகள், மருமகன், பேரப்பிள்ளைகளோடு பழனி போய் வந்தோம்.

வந்த பிறகுதான் கவனித்தேன், முன்பக்க இடது வீலில் காற்று நிற்கவில்லை. 32 வைத்தால் இரண்டு நாளில் 25. பஞ்சர் கடைத் தம்பி வீலைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஆணி ஏறியிருக்கும் என்று டயரைத் தடவிக்கொண்டே சுற்றினான். குமிழி டயரில் இல்லை. வால்விலும் இல்லை, விளிம்பிலும் இல்லை. ரிம்மின் உள்பக்கச் சுவரிலிருந்து, கடுகு அளவில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. டயரைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளிப் பூச்சு அங்கேயும் வழவழவென்று இருந்தது. ஓர் ஆணியை எடுத்து நான் அந்த இடத்தைக் கீறினேன். பூச்சுக்கு அடியில் பட்டி உதிர்ந்தது. பட்டிக்கு அடியில், கிரைண்டிங் செய்து சமமாக்கிய ஆர்கான் வெல்டிங். சுமார் மூன்று அங்குல நீளம். அந்த வெல்டிங் நின்றுகொண்டுதான் இருந்தது. அதை ஒட்டி ஒரு விரற்கடை தள்ளி, வெல்டிங்குக்கு இணையாகப் புதிதாக ஒரு விரிசல், பிரிந்த தையல் போல ஓடியிருந்தது.

தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். “ஏனுங்க, இதைப் போட்டுட்டா பழனி போய்ட்டு வந்தீங்க?”

அன்று இரவு நான் தூங்கவில்லை. பின்சீட்டில் பேத்தி தூங்கிக்கொண்டு வந்ததே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

மறுநாள் வீலைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் சண்டைக்கு வரவில்லை, மழுப்பவும் இல்லை. “வெல்டு நல்லா நிக்குமுங்க, இதுவரைக்கும் ஒருத்தரும் கம்ப்ளெய்ண்ட் சொன்னதில்லீங்க” என்றார். அவர் மனசாரத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். வெல்டிங் நின்றது என்பதும் உண்மை. உடைந்தது அதன் பக்கத்து உலோகம். அது ஏன் உடைந்தது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனால்தான் அவர் ஒருவரோடு மட்டும் பேசுவதை விட்டுவிட்டு உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

பெரும்பாலான வார்ப்பு அலாய் வீல்கள் ஏ-356 என்ற கலவையிலோ அதன் பங்காளிக் கலவைகளிலோ வார்க்கப்படுபவை. அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான். அரை சதவீதத்துக்கும் குறைவாக மெக்னீசியம். பலத்துக்கு அந்தத் துளி மெக்னீசியம்தான் முக்கியம். வார்த்த வீலை 540 டிகிரியை ஒட்டிய சூட்டில் மணிக்கணக்கில் வைத்து, எடுத்த கையோடு தண்ணீரில் இறக்குவார்கள். பிறகு 150-லிருந்து 170 டிகிரிக்குள் மறுபடி சில மணி நேரம். டி-6 என்று எங்கள் பிரிவில் சொல்வது இதைத்தான். முதல் சூட்டில் மெக்னீசியமும் சிலிக்கானும் அலுமினியத்துக்குள் கரைகின்றன. தண்ணீரில் விழுந்ததும், பிரிந்து வெளியே வர அவகாசமில்லாமல் அப்படியே சிக்கிக்கொள்கின்றன. இரண்டாவது இளஞ்சூட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உலோகம் முழுவதும் முளைத்து நிற்கின்றன. சுமை வரும்போது உலோகம் வழுக்கி நெளியாமல் பிடித்துக்கொள்வது அந்தத் துகள்கள்தான்.

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது உடனே புரியும். பதம் தாண்டிய பாகை ஆறவைத்தாலும் பழைய பதத்துக்கு வராது. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் அந்த நுண்துகள்கள் பருத்துவிடுகின்றன, அல்லது கரைந்தே போய்விடுகின்றன. ஆலையில் மணிக்கணக்காகக் கொடுத்த பலம் அந்த ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் இறங்கிவிடுகிறது. வீலின் மற்ற இடமெல்லாம் கெட்டி. வெல்டிங்கைச் சுற்றி மட்டும் ஒரு மெத்தென்ற வளையம். சக்கரம் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த இடத்தில் ஓர் இழுவை, ஒரு தளர்வு. பழனி போய் வருவதற்குள் லட்சத்துக்கு மேல் சுற்று. என் வீலில் விரிசல் எங்கே ஓடியிருந்தது என்பதை மேலே சொன்னேன்.

கேஸ் பர்னரால் சூடு காட்டி பெண்ட் எடுப்பவர்களுக்கு இன்னொன்று. இரும்பைக் காய்ச்சினால் சிவந்து காட்டும். கொல்லுப்பட்டறையில் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். அலுமினியம் அப்படிச் சிவக்காது. இந்தக் கலவை 555 டிகிரியை ஒட்டி உருகத் தொடங்கிவிடும். அதுவரை பகல் வெளிச்சத்தில் அதே வெள்ளையாகவே இருக்கும். கண்ணை நம்பி இதில் சூடு வைக்க முடியாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு முறை என் ஷிஃப்டில், இரண்டாம் சூட்டு அடுப்பின் தெர்மோகப்பிள் பழுதாகி, காட்டிய சூடு ஒன்று, உள்ளே இருந்த சூடு ஒன்று. காலையில் கதவைத் திறந்தபோது எல்லா உருப்படியும் எப்போதும் போலத்தான் இருந்தன. நிறம் மாறவில்லை, அளவு மாறவில்லை, தட்டினால் ஓசையும் மாறவில்லை. பிரினெல் மெஷினில் வைத்து அழுத்தியபோதுதான், இரும்புக் குண்டு பதிந்த தழும்பு வழக்கத்தைவிட அகலமாக விழுந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாவற்றிலும் அதே அகலம். மொத்தத்தையும் உருக்க அனுப்பினோம். அன்றிலிருந்து அலுமினியத்தின் முகத்தைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்வதில்லை.

பவுடர் கோட்டிங் செய்கிறவர்களே, உங்கள் அடுப்பும் 180, 200 டிகிரி வரை போகிறது. பத்து, இருபது நிமிடம் என்றால் வீல் தாங்கும். உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டால், அல்லது அதே வீலை நிறம் பிடிக்கவில்லை என்று திரும்பத் திரும்பச் சுட்டால், என் அடுப்பில் நடந்தது உங்கள் அடுப்பிலும் நடக்கும். ஒரு டைமரும், வீலின் மேலேயே வைத்துச் சூடு பார்க்கிற ஒரு மீட்டரும் வாங்கிவிடுங்கள்.

எந்த வேலையை நீங்கள் தாராளமாகச் செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தொழில் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பிளாட்பாரத்தில் உரசிய கீறல், உரிந்த பூச்சு, வெளுத்துப்போன லேக்கர், இவையெல்லாம் மேல்தோல் காயம். அதைச் சுத்தம் செய்து, ப்ரைமர் அடித்து, பூச்சு கொடுத்துவிட்டால் வீல் நன்றாக உழைக்கும். சொல்லப்போனால் பூச்சு இல்லாமல் விட்டால்தான் கெடுதல். டைமண்ட் கட் வீலில் லேக்கர் எங்கேயாவது கீறிவிட்டால் ஈரம் உள்ளே நுழைந்து, வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் போல அரித்துக்கொண்டே போகும். அதை லேத்தில் ஏற்றிச் சீவி மறுபடி லேக்கர் அடிப்பது நல்ல வேலை. ஆனால் ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறைகிறது. இதற்கு முன்னால் எத்தனை முறை சீவியது என்று தெரியாத வீலை அடுத்த முறை சீவாதீர்கள். முழுப்பூச்சாக மாற்றிக் கொடுத்துவிடுங்கள்.

பழைய பெயிண்டை உரிக்கக் காஸ்டிக் சோடாத் தொட்டியில் போடும் வழக்கத்தைச் சில இடங்களில் பார்த்தேன். இரும்புக்கு அது சரி. அலுமினியத்தைக் காஸ்டிக் தின்றுவிடும். பொங்கிவருகிற நுரை உலோகம் கரைவதால் வருவது. அலுமினியத்துக்கென்று விற்கிற பெயிண்ட் ரிமூவரை வாங்குங்கள்.

மணல் பீய்ச்சுகிற தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முகத்தில் கட்டிய கைக்குட்டை எதையும் தடுக்காது. ஆற்று மணல் தூளில் இருக்கிற சிலிக்கா நுரையீரலில் தங்கினால் எந்த மருந்தும் அதை வெளியே எடுக்காது. மூச்சு வாங்கத் தொடங்குவது பல வருடம் கழித்துத்தான்; ஃபவுண்டரியில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். மணலுக்குப் பதில் கண்ணாடிக் குண்டோ கார்னெட்டோ போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். மூடிய பெட்டிக்குள் வைத்துச் செய்யுங்கள். நல்ல வடிகட்டி உள்ள மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். முதலாளிமார்களே, அவன் கேட்பதற்கு முன்னால் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

இனி நான் கேட்க வந்த முக்கியமான காரியம். பூச்சு அடிப்பதற்கு முன்னால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணால் இல்லை. டை பெனிட்ரன்ட் என்று மூன்று ஸ்ப்ரே டின்னாகக் கடையில் விற்கிறது: கழுவுவது ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளை டெவலப்பர் ஒன்று. பெயிண்ட் முழுவதையும் உரித்து, துடைத்துக் காயவைத்த வீலில் சிவப்பை அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு மேலே இருக்கிற சிவப்பைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். கழுவும் திரவத்தைத் துணியில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும், நேராக வீலில் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு போய்விடும். பிறகு வெள்ளையை மெல்லியதாக அடியுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வீல் வெளுத்து நிற்கும். அப்படியே காத்திருங்கள். விரிசல் இருந்தால், அந்த வெள்ளையில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி, பிறகு பக்கத்தில் ஒன்று, பிறகு அவை சேர்ந்து மயிரிழை போல ஒரு கோடு ஊறிவரும். நெளிந்த விளிம்பில் பாருங்கள். ஆரக்கால்கள் மையத்தோடும் விளிம்போடும் சேருகிற முக்கில் பாருங்கள். நட்டுத் துளைகளைச் சுற்றிப் பாருங்கள். அந்தக் கோட்டை ஒரு முறை பார்த்தவர், அந்த வீலை யாருக்கும் மாட்டித் தர மாட்டார்.

இதை மணல் பீய்ச்சுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். அலுமினியம் மெத்தென்ற உலோகம். பீய்ச்சுகிற துகள் விரிசலின் வாயை நசுக்கி மூடிவிடும், பிறகு சாயம் உள்ளே போகாது.

மூன்று டின் வாங்கவும் முடியாத சிறு பட்டறையாக இருந்தால், பழைய வழி இருக்கிறது. ரிம்மின் ஒரு பக்கத்தில் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, மறுபக்கத்தில் மண்ணெண்ணெய் தடவுங்கள். ஊடுருவிய விரிசல் இருந்தால் சுண்ணாம்பில் ஈரக்கோடு தெரியும். பாதி ஆழ விரிசலை இது காட்டாது. அதனால் சாயம்தான் மேல். ஆனால் ஒன்றுமே பார்க்காமல் பூசுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

விரிசல் தெரிந்தால் என்ன செய்வது? வெல்டிங் செய்யாதீர்கள். உள்சுவரில்தானே, வெளியே தெரியாதே என்று செய்யாதீர்கள். ஒரு டிசைனை விற்பனைக்கு விடும் முன் ஆலையில் என்னவெல்லாம் செய்கிறார்கள் தெரியுமா? வார்ப்பை எக்ஸ்ரேயில் பார்க்கிறார்கள். டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்த்து வைத்து மேலிருந்து எடையை விளிம்பில் விழவிடுகிறார்கள். வளைவில் திரும்பும் சுமையைக் கொடுத்து லட்சக்கணக்கான சுற்று சுற்றவைக்கிறார்கள். நம் நாட்டிலும் ஐ.எஸ். 16192 என்று இதற்குத் தரவிதி இருக்கிறது. 2020-இல் மத்திய அரசு வீல் ரிம்முக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையும் கொண்டுவந்தது. அந்தச் சோதனையெல்லாம் வெல்டிங் சூடு படாத வீலுக்குச் செய்தது. வெல்டிங் வைத்த மறுநிமிடம் அந்த முத்திரைக்குப் பொருள் இல்லாமல் போகிறது.

இரும்பு ரிம்மின் கதை வேறு. லேசாக நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம். இரும்பு நன்றாக வளைந்து கொடுத்துவிட்டுத்தான் உடையும். வார்ப்பு அலுமினியத்தில் சிலிக்கான் ஊசி ஊசியாகவும் மணி மணியாகவும் உள்ளே கிடப்பதால் அது கொஞ்சம்தான் வளையும், பிறகு பிளந்துவிடும். அலாயில் பெண்ட் எடுப்பதையே வீல் தயாரிப்பவர்கள் ஏற்பதில்லை. உள்விளிம்பில் சிறு நெளிசல், சூடு காட்டாமல் ஹைட்ராலிக் பிரஸ்ஸில் மெதுவாக எடுத்து, அதன்பின் சாயம் அடித்துப் பார்த்து விரிசல் இல்லை என்றால் விடலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். அதற்கு மேல் நெளிந்தது, ஆரக்கால் வரை கோணிப்போனது, மாற்ற வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரி ஒருவர் இருந்தார். ஆரக்கால் முறிந்தால் மாற்றிக் கொடுப்பார். வட்டை தேய்ந்தால் ஒரு துண்டு இழைத்துச் சேர்ப்பார். பட்டா தளர்ந்தால் கழற்றி, வெட்டி ஒட்டி, நெருப்பில் காய்ச்சி, மறுபடி இறுக்கித் தண்ணீர் ஊற்றுவார். ஆனால் குடம் கீறிவிட்டது என்றால் உளியையே எடுக்க மாட்டார். “இதுக்கு நான் கை வெக்க மாட்டேன், கவுண்டரே, வேற சக்கரம் பண்ணித் தர்றேன்” என்பார். எவ்வளவு பெரிய பண்ணையக்காரர் கேட்டாலும் அதே பதில்தான். வேலை தெரியாதவர் என்று அவரை யாரும் சொன்னதில்லை.

வீலைத் திருப்பி மாட்டுகிற இடத்திலும் ஒரு தவறு நடக்கிறது. நல்ல பட்டறைகளிலும் நடக்கிறது. அழகாக இருக்கட்டும் என்று வீலின் பின்முகத்திலும், நட்டு உட்காருகிற குழியிலும் சேர்த்துப் பூசிவிடுகிறார்கள். நட்டை முறுக்கும்போது இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி ஓடி, சூடாகி, அந்தப் பூச்சு நசுங்கி மெலிந்ததும், நட்டின் இறுக்கம் தானாகத் தளர்ந்துவிடும். உலோகம் உலோகத்தின் மேல் உட்கார வேண்டும். பூசும் முன் அந்த இரண்டு இடத்தையும் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். நட்டை வண்டிக்குச் சொன்ன டார்க்கில், எதிரெதிராக மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு முறை வந்து இறுக்கிக்கொண்டு போகும்படி வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

லாரி ரிம் பார்க்கிற அண்ணன்மார்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். லாரி டிஸ்க்கில் நட்டைச் சுற்றித் துருநீர் வடிந்த கோடு தெரிந்தால் அங்கே நட்டு ஆடுகிறது, அல்லது துளை கீறுகிறது. அதைப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில், காற்றை இறக்கிவிட்டோம் என்றாலும், வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் ரப்பர் உள்ளே ஆவியாகி, அந்த ஆவி தீப்பிடித்து, டயர் வெடிகுண்டாக வெடிக்கும். பக்கத்தில் நிற்கிறவர் பிழைப்பது அரிது. லாக் ரிங் போட்ட பழைய ரிம்மில் வேறு ரிம்மின் ரிங்கைப் பொருத்திக் காற்றடிப்பதும் அப்படித்தான். சரியான ரிங் போட்டாலும், கூண்டுக்குள் வைக்காமல் அந்த ரிம்முக்குக் காற்று ஏற்ற வேண்டாம்.

உங்கள் சங்கடமும் எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் வந்து, “புது வீல் இந்த விலை சொல்றாங்க, நீங்க ஏதாவது பண்ணிக் குடுங்க” என்று நிற்பார். ஒற்றை வீல் கிடைக்காது, அந்த மாடலே நின்றுபோயிருக்கும். நீங்கள் மாட்டேன் என்றால் அடுத்த தெருவில் ஒருவர் செய்துகொடுப்பார். அந்த இடத்தில் சொல்வதற்கு உங்களிடம் ஒரு மாற்று இருக்க வேண்டும். அதே அளவு இரும்பு ரிம் பெரும்பாலான வண்டிக்குக் கிடைக்கும். ஸ்டெப்னியாகப் பல வண்டியில் இருப்பதே அதுதான். வாடிக்கையாளர் வேறு வீல் கிடைக்கும்வரை அதைப் போட்டு ஓட்டட்டும். சில வண்டிகளில் அலாய்க்கு ஒரு நட்டும் இரும்புக்கு வேறு நட்டும் உண்டு. அதை மட்டும் பார்த்து மாட்டுங்கள். அவரிடம் அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டுங்கள். உங்கள் வார்த்தையைவிட அது நன்றாகப் பேசும். 14 அங்குலத்திலிருந்து 17-க்கு ஏற்றிக் கேட்கும் இளைஞர்களிடமும், ரப்பரின் உயரம் குறையக் குறையக் குழியின் அடி நேராக ரிம்மில் விழும் என்று சொல்லிவிட்டே மாட்டுங்கள்.

கழித்த வீலை அப்படியே பழைய பொருள் கடைக்குப் போடாதீர்கள். அங்கிருந்து யாரோ எடுப்பார்கள், பட்டி பார்ப்பார்கள், பூசுவார்கள். என் காருக்கு வந்து சேர்ந்ததும் அப்படி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கிரைண்டரில் கட்டிங் வீல் போட்டு, விளிம்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டு எடைக்குப் போடுங்கள். காசு ஒன்றும் குறையாது. உடைந்தாலும் முழுசாக இருந்தாலும் அலுமினியம் அதே விலைக்குத்தான் போகும். மண்ணிலிருந்து புதிதாக எடுப்பதற்கு ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதை உருக்கி மறுபடி நல்ல வார்ப்பாக்கிவிடலாம்.

என் வீலை நானே வெட்டினேன். பஞ்சர் கடைத் தம்பி ஒரு பாதியைக் கேட்டு வாங்கி, கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டிருக்கிறான். வெல்டிங்கும் விரிசலும் இருக்கிற மறு பாதி என்னிடம் இருக்கிறது. மூன்று டின்னும் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் சங்கக் கூட்டத்துக்கோ, ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்த நேரத்தில் ஏதாவது ஒரு பட்டறைக்கோ கூப்பிட்டால் இரண்டையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். உங்கள் பட்டறையில் சந்தேகமான ஒரு வீலை மட்டும் உரித்துக் காயவைத்திருங்கள். சாயம் ஊற எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஃபர்னஸ் தொழிலாளி ஒருவன்,
கோவை